அம்பாரத்தின் மேல் ஓர் அட்டவணை

நான் செய்யும் அட்டவணைகளில் நெடுக்குக் கோடு ஒன்றுகூட இருக்காது. மேலே ஒரு கோடு, தலைப்பு வரிசைக்குக் கீழே ஒரு கோடு, கடைசியில் ஒரு கோடு. அவ்வளவுதான். எண்கள் தசமப் புள்ளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எண்ணிக்கை முதலில், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சதவீதம். யாராவது கட்டம் கட்டி, மஞ்சளும் நீலமும் அடித்து ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து நீட்டினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். மூஞ்சியைச் சுளித்துவிடுவேன். தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் என் முதுகுக்குப் பின்னால் 'கோட்டம்மா' என்று சொல்வார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தத் திமிருக்குக் காரணம் ஆர் என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த புள்ளியியல் மென்பொருள். அதில் அட்டவணையைக் கையால் வரைவதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று கட்டளை எழுதி வைத்துவிட வேண்டியது. தரவில் ஒரு குடும்பத்தின் பதிலைத் திருத்தினால் எல்லா அட்டவணைகளும் தாமாகவே திருந்திக்கொள்ளும். கூட்டல் பிசகாது, சதவீதம் பிசகாது, பத்திரிகைக்கு அப்படியே அனுப்பலாம். பிசகுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் தண்ணீர் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அப்படிப்பட்ட ஊர்களில், வயலில் வேலை இல்லாத மாதங்களில் ஆட்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. தேர்ந்தெடுத்த ஊர்களில் என் ஊரும் இருந்தது. "எங்க ஊருக்கு நானே போறேன் மேடம், எனக்குன்னா வாயைத் தொறந்து சொல்லுவாங்க" என்று ஆய்வுத் தலைவரிடம் வீம்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொன்னார்கள்தான். அதுதான் வினை.

எங்கள் ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர் ஒரே ஒருவர். வேலி என்றால் இருபது மா, ஆறரை ஏக்கர் சொச்சம். வெளியூரில் இதைப் பெரிய நிலம் என்றால் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய வீடு. ஊர்முறையில் எனக்கு அவர் மாமா. ஒவ்வொரு வருடமும் சம்பா அறுத்து, உளுந்தும் பறித்தானதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் திரும்புவார். "அவருக்கென்ன, ஏசியில உக்காந்து டிவி பாப்பாரு" என்று ஊர் பேசிக்கொள்ளும். நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்தேன்.

"விவசாயம்னு போட்டுக்க பாப்பா" என்றார்.

"வயல்ல வேலை இல்லாத மாசத்தைத்தான் கேக்குறேன் மாமா."

"பையன் வீட்டுல இருப்பேன்."

"அங்க சும்மாவேயா இருப்பீங்க?"

"வயசானவன் வேற என்ன பண்றது?"

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லையே! அவர் முகம் ஒரு மாதிரி ஆனதைப் பார்த்துவிட்டேன். கணக்கில் ஓட்டை விழுவது எனக்கு ஆகாது. "நீங்களே உண்மையைச் சொல்லலைன்னா கணக்கு எப்படி மாமா சரியா வரும்? மத்தவங்க கதையை விடுங்க, நீங்க படிச்சவரு" என்று ஐஸ் வைத்தேன்.

மாமா உள்பக்கம் திரும்பி, "காபி போடேன்" என்று அத்தையை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு அடுக்குமாடி வாசல்ல வாட்ச்மேனா இருக்கேன் பாப்பா. பையன் கூட வேலை பாக்குற நாலு பேரோட ஒரே ரூம்ல கெடக்கான். நான் எங்க போய்ப் படுக்குறது? அவன் கூப்புடாம இல்ல, எடம் இல்ல. இது வெளிய தெரிஞ்சா அப்பனுக்குச் சோறு போடாத பயன்னு அவனைத்தான் பேசுவானுங்க. வலங்கைமான் பக்கம் அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "பேரு வராதுல்ல?"

"சத்தியமா வராது மாமா. பேரையே கணக்குல ஏத்த மாட்டோம். வெறும் நம்பர்தான்."

அத்தை காபியோடு வந்தார். பேச்சு மழையின் பக்கம் திரும்பியது. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தஞ்சாவூருக்கு வந்து அட்டவணை செய்ய உட்கார்ந்தேன். ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வோர் ஊருக்குள்ளும் நிலத்தின் அளவை வரிசைகளாகவும், வேலை இல்லாத மாதங்களில் செய்யும் வேலைகளைப் பத்திகளாகவும் வைத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு பேரு இருக்கிறதுக்கெல்லாம் தனித்தனியா எதுக்கும்மா? சேத்து 'மற்றவை'ன்னு போட்டுடேன்" என்றார்.

மற்றவை! அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அப்பா டீசல் இன்ஜின் மெக்கானிக். ஊர் வயலில் ஓடிய இன்ஜின்களில் அவர் கை படாதது குறைவு. ஆனால் பள்ளிக்கூடம் முதல் கல்லூரி வரை நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அப்பாவின் தொழிலுக்கு ஒரு பெட்டி இருந்ததில்லை. விவசாயி, கூலி, அரசு ஊழியர், வியாபாரி, மற்றவை. ஒவ்வொரு தடவையும் கடைசிப் பெட்டியில் டிக் அடித்து அடித்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. அந்த ஆத்திரத்தை மேடத்திடம் கொட்டினேன். ஒவ்வொருத்தரும் தெரியணும் மேடம், யாரையும் குப்பையா அள்ளி ஒரு மூலையில போடக் கூடாது என்றேன். அவர் நல்ல மனுஷி. "அட்டவணை என்னவோ அழகாத்தான் இருக்கு. சரி, உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டார்.

எங்கள் ஊரின் பகுதியில், 'ஒரு வேலிக்கு மேல்' என்ற வரிசையில், 'வெளியூரில் காவல் வேலை' என்ற பத்தியில், 1 (100.0) என்று வந்தது. அந்த வரிசையில் மற்றதெல்லாம் பூஜ்யம். அந்தக் கட்டத்தை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். 100.0 என்பது மற்றச் சதவீதங்களைவிட ஓர் இலக்கம் கூடுதல் ஆயிற்றே, புள்ளிக்கு நேர் புள்ளி நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். நின்றது. திருப்தியாக எழுந்து டீ குடிக்கப் போனேன்.

கட்டுரை ஓர் ஆய்வுப் பத்திரிகையில் வந்தது. அதை யார் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கும் அந்தக் குறைதான். ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கியதை ஊர்க்காரர்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டாமா என்று மேடத்தை நச்சரித்து, மார்கழியில் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். அட்டவணையைத் தமிழில் போட்டு, பெரிய எழுத்தில், ஃபிளக்ஸ் அடித்துத் தொங்கவிடுவதாகத் திட்டம்.

ஃபிளக்ஸ் கடை பாய் என் பென்டிரைவைத் திறந்து பார்த்துவிட்டு, "போட்டோ எங்கம்மா?" என்றார்.

"போட்டோ இல்ல பாய். இதேதான்."

"சுத்தி ஒரு பூ பார்டராவது வச்சிரட்டா? மொட்டையா இருக்கே."

"ஒண்ணும் வேணாம். கருப்பு வெள்ளையிலயே அடிங்க."

"கருப்பு வெள்ளையில கண்ணீர் அஞ்சலிதாம்மா அடிப்போம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். கோடுகள் அற்புதமாக விழுந்திருந்தன.

கூட்டத்துக்கு மாமா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம ஊருப் பொண்ணு. கம்ப்யூட்டர்லயே எல்லாம் போடுது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. மற்றவர்கள் கண்ணாடி இருந்தும் படிக்கவில்லை. நான் பேசினேன், மேடம் பேசினார், டீயும் வடையும் வந்தன. உரம் எப்போது வரும், வாய்க்காலை எப்போது தூர்வாருவார்கள் என்று எங்களால் ஆகாத காரியங்களைக் கேட்டார்கள். ஒருத்தராவது அந்த ஃபிளக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் நின்று படித்தால் போதும் என்று மனசுக்குள் பொருமினேன்.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி வந்தாள். ஃபிளக்ஸைக் கையால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டியா இருக்கே. இதை என்ன பண்ணப் போறீங்க? குடும்மா, நெல்லு மூட ஆகும்" என்றாள். எங்கள் பக்கம் கல்யாண ஃபிளக்ஸ், காதுகுத்து ஃபிளக்ஸ், கட்சி ஃபிளக்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசியில் அதுதான் கதி. தார்ப்பாய் வாங்கிக் கட்டுப்படியாகாது. அறுவடைக் காலத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நெல்லின் மேல் படுத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் படிக்காத ஃபிளக்ஸ் எனக்கெதற்கு? நானே சுருட்டிக் கொடுத்தேன்.

தை மாதம் அறுவடை முடிந்து, ஊர் நெல்லெல்லாம் கொள்முதல் நிலையத்து வாசலில் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை எடுக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் நெல்லை விட்டு நகர முடியாமல், குடையும் கையுமாக அங்கேயே குந்திக்கொண்டிருந்தார்கள். செய்வதற்கு வேலை இல்லை. அக்காவின் அம்பாரத்தின் மேல் என் அட்டவணை விரித்துக் கிடந்தது. எழுத்துப் பக்கம் மேலே.

அம்மா போன் பண்ணினாள். "என்னடி பண்ணி வச்சிருக்க? ஊரே சிரிக்குது" என்றாள். அதற்கு மேல் விளக்கமாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது அந்த ஒரு கட்டம்தான் கண்ணுக்குள் நின்றது. ஊர்ப்பெயர் போட்டிருந்தேன். நிலத்தின் அளவு போட்டிருந்தேன். வேலை போட்டிருந்தேன். ஒரு வேலிக்கு மேல் யாருக்கு நிலம் என்பது அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? நான் பிறந்த ஊர்தானே அது!

போய் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் அக்காவின் அம்பாரத்தைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனான். நான் கூட்டத்தில் எவ்வளவு ஆசைப்பட்டேனோ அவ்வளவு நிதானமாகப் படித்தான். கொஞ்ச தூரத்தில் மாமா தன் நெல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நாங்க வீட்டுக்குப் போயி சாப்புட்டு வந்துர்றோம். நெல்லைக் கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க பாத்தா நூத்துக்கு நூறு பத்திரம்" என்று ஒருவன் சத்தமாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். வெளியூர் ஆட்களும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேரே போய் ஃபிளக்ஸின் ஓரத்தில் வைத்திருந்த செங்கல்லைத் தள்ளிவிட்டு அதை இழுத்தேன்.

"ஏ ஏ, நெல்லு நனையுதும்மா!" என்று அக்கா ஓடிவந்தாள்.

"திருப்பிப் போடுறேங்க்கா."

"இனிமே திருப்பி என்ன ஆவப்போவுது? எல்லாரும்தான் படிச்சாச்சே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஆனாலும் இன்னொரு பக்க ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தாள். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. தேங்கியிருந்த தண்ணீர் என் புடவையெல்லாம் கொட்டியது.

நனைந்த புடவையோடு மாமா முன்னால் போய் நின்றேன். அவர்தான் பேசினார்.

"பேரு வராதுன்னு சொன்ன. வரல. நீ சொன்ன சொல்லு தப்பல பாப்பா. போ, மழையில நிக்காத."

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். இப்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அந்தக் குரல் காதில் விழுந்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் இருமுவதுபோல் சமாளிப்பேன்.

வலங்கைமான்காரர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொருத்தம் பார்த்து, பெண் பார்த்து, தட்டு மாற்ற நாள் குறிக்கிற வரைக்கும் சரியாக இருந்த ஜாதகம். மாமாவின் மகன் என்னை ஒருமுறை போனில் கூப்பிட்டான். "அப்பாவை நான் தெருவுல விட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க நேர்ல வந்து என் ரூமைப் பாத்துட்டு அப்புறம் எழுதியிருக்கலாம்ல?" என்றான். ஆமாம் தம்பி, பாத்திருக்கலாம் என்றேன். அவன் வைத்துவிட்டான்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து புதிதாகக் கட்டளைகள் எழுதினேன். எந்தக் கட்டத்திலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணே வராது, ஒரு சின்னக் கோடுதான் வரும். மொத்தத்திலிருந்து கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடாதபடி பக்கத்துக் கட்டமும் மறையும். ஒரே ஆள் இருக்கும் நில வரிசையைப் பக்கத்து வரிசையோடு சேர்த்துவிடும். கடைசியில், எத்தனை கட்டங்களை மறைத்தது என்று ஊர்வாரியாகத் திரையில் காட்டும். இதையெல்லாம் முன்பே செய்திருக்க எனக்குத் தெரியாமலில்லை. பாடமாகவே படித்தவள்தான். அழகு கெட்டுவிடுமே என்று செய்யாமல் இருந்தேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஆய்வின் இரண்டாம் சுற்று. என் ஊருக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஒளிந்துகொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நானே போனேன்.

முதல் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. அதை நாகப்பட்டினத்தில் ஓட்டுகிறவர்தான் எனக்குப் பதில் சொன்னார். "விவசாயம்." வயலில் வேலை இல்லாத மாதங்களில்? "அப்பவும் விவசாயம்தான்." ஃபிளக்ஸ் வாங்கிய அக்கா கோடை முழுக்க வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்திக் கடையில் நிற்பவள், நானே அங்கு அவளைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள், "விவசாயம்." வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுத்தார்கள், பாய் போட்டார்கள், சாப்பிட்டுப் போ என்றார்கள். எவரும் என்மேல் எரிந்து விழவில்லை. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

மாமா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அத்தை என்னைக் கண்டதும் காபி போட உள்ளே போய்விட்டார், இந்த முறை யாரும் அனுப்பவில்லை. கொல்லைப்பக்கக் கொடியில் நீலச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பாக்கெட்டின் மேல் ஏதோ கம்பெனிப் பெயர் தைத்திருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"வேலை இல்லாத மாசத்துல என்ன பண்ணுவீங்க மாமா?" கேட்க வேண்டிய கேள்வி. கேட்டேன்.

"விவசாயம்."

என் விரல் திரையில் பட மாட்டேன் என்றது.

"போட்டுக்க பாப்பா" என்றார். "போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் மாமா."

தஞ்சாவூருக்கு வந்து கட்டளைகளை ஓட்டினேன். மேலே ஒரு கோடு, தலைப்புக்குக் கீழே ஒரு கோடு, கடைசியில் ஒரு கோடு. எங்கள் ஊருக்கு 'காவல் வேலை' என்ற பத்தியே இல்லை. ஆள் இல்லாத பத்தியை மென்பொருள் தானாகவே விட்டுவிடும். ஆட்டோ இல்லை, மெழுகுவர்த்திக் கடை இல்லை. ஊர் முழுக்க ஒரே பத்தி. அடியில், நான் அத்தனை பாடுபட்டு எழுதிய வரி திரையில் வந்து நின்றது: மறைக்கப்பட்ட கட்டங்கள் 0.

"இந்தத் தடவை உங்க ஊரு டேட்டா ரொம்ப சுத்தமா வந்திருக்கே" என்றார் மேடம். ஏன் அப்படி வந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அடிக்குறிப்பாக ஒரு வரி எழுதலாம் என்று நினைத்தேன். எழுதினால் மறுபடியும் அந்த ஊரைத்தான் காட்டிக்கொடுத்ததாக ஆகும். எழுதாவிட்டால் பொய். அட்டவணையை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பினேன்.